மகன் கேட்ட கேள்வியும் மதுரை சொன்ன பதிலும்



உம்மாவின் இரு கண்களிலும் புரை முற்றிவிட்டது. குர்ஆனின் எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன என்று ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதலில் வலக்கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை செய்துவிடுவோம் என்று முடிவு செய்து, பள்ளி விடுமுறையில் மதுரைக்குப் புறப்பட்டோம். இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊரொன்றைச் சேர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் பகுதியில் கண்ணுக்கு ஒன்று என்றால் மதுரைக்குச் செல்வதே வழக்கம். உம்மா, நாங்கள் இருவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் இளைய மகன் ஆகிய நால்வரும் சென்றோம். மூத்த மகள் மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் யார்க் நகரில் இருக்கிறாள்.

பரமக்குடி, மானாமதுரை வழியாகச் செல்லும் அந்தப் பாதை வைகையை ஒட்டியே செல்வது. வருசநாட்டு மலையில் பிறந்து, மதுரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடி, எங்கள் பக்கத்து இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து நிறையும் ஆறு அது. மதுரைக்காரர்கள் அதைத் தங்கள் ஆறு என்பார்கள். எங்கள் ஊர் முதியவர்களும் தங்கள் ஆறு என்றே சொல்வார்கள். வழியெல்லாம் மணலையும் நாணலையும் காட்டி நாங்கள் பேசிக்கொண்டு சென்றோம். மகன் மட்டும் வாய் திறக்கவில்லை.

அவன் மௌனத்தின் காரணம் எங்களுக்குத் தெரியும். இரண்டு வாரங்களுக்கு முன் வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடந்தபோது, அவனுடைய நெருங்கிய தோழன், “உங்க ஆளுங்கதானே மதுரையைக் கொள்ளையடிச்சாங்க? பொம்பளை, பிள்ளைன்னு பார்க்காம கொன்னாங்களாமே?” என்று கேட்டிருக்கிறான். ஐந்தாண்டுகளாக ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள். ஒருவர் வீட்டுச் சோற்றை மற்றவர் உண்டவர்கள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. வீட்டுக்கு வந்து, “அது உண்மையா, வாப்பா?” என்று கேட்டான். நாங்கள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “எல்லாம் பொய். நம்மைப் பிடிக்காதவர்கள் எழுதி வைத்தது” என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன் நாங்கள் ஒரு பக்கமாவது படித்திருந்தோமா? இல்லை. பிள்ளையின் முகம் வாடியதைக் கண்டதும், அவனுக்கு ஆறுதலாக இருக்கும் சொல் எதுவோ அதுவே நாவில் வந்தது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்த ஒரு வாக்கியமே காரணம்.

முதல் நாள் உம்மாவின் அறுவைச் சிகிச்சை, அல்ஹம்துலில்லாஹ், நலமாக முடிந்தது. கண்ணில் கட்டுடன் அறைக்கு வந்து, கிடந்தவாறே தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார்கள். இரவு இஷாவுக்குப் பின் மகள் அழைத்தாள். வாப்பும்மாவின் நலம் கேட்டபின், தான் அன்று நகரத்தைச் சுற்றிவந்த கதையைச் சொன்னாள்.

யார்க்கும் ஓர் ஆற்றங்கரை நகரம். ஊஸ் என்பது ஆற்றின் பெயர். நகரின் எந்தத் தெருவில் நின்றாலும் கிறித்தவர்களின் பேராலயம் ஒன்று தலைக்குமேல் எழுந்து நிற்கும் என்றாள். 13ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1472 வரை கட்டப்பட்டதாம். “மதுரையில் கோபுரம் தெரிவது மாதிரி” என்றாள். அதற்குச் சற்றுத் தொலைவில், புல் மூடிய சிறு குன்றின்மேல் பழைய கல்கோட்டை ஒன்று நிற்கிறது. கிளிஃபோர்டு கோபுரம் என்பது அதன் பெயர். 1190ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் நாள், அந்தக் குன்றின்மேல் அப்போதிருந்த மரக்கோட்டையில், நகரத்து யூதர்கள் சுமார் 150 பேர் வெறிகொண்ட கூட்டத்துக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்திருந்தனர். கூட்டம் சூழ்ந்துகொண்டது. பலர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டனர். உயிர்ப்பிச்சை கேட்டு வெளியே வந்தவர்கள் கொல்லப்பட்டனர். அதன்பின் அக்கூட்டம் பேராலயத்துக்குச் சென்று, அங்கே வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களை ஆலயத்துக்குள்ளேயே போட்டு எரித்தது. கடன் வாங்கியிருந்தவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர் என்பதே காரணம்.

“அதை அவங்க மறைக்கலை, வாப்பா. குன்றின் அடியில கல்லுல எழுதி வச்சிருக்காங்க. பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து காட்டுறாங்க” என்றாள். அந்த நினைவுக்கல் 1978இல் வைக்கப்பட்டது என்றும் சொன்னாள்.

அப்போது நாங்கள் தம்பியின் செய்தியை அவளிடம் சொன்னோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்க பொய்னு சொன்னது தப்பு, உம்மா. அதை எழுதினவரே நம்ம ஆள்தான். இப்னு பதூதாவைப் படிச்சுப் பாருங்க” என்றாள். அந்தப் பயண நூலின் பக்கங்களைக் கைப்பேசிக்கு அனுப்பியும் வைத்தாள்.

உம்மாவும் மகனும் உறங்கியபின், வராந்தாவின் மங்கிய விளக்கொளியில் அமர்ந்து நாங்கள் இருவரும் அப்பக்கங்களைப் படித்தோம்.

டெல்லியின் முஹம்மது பின் துக்ளக்கினால் இப்பகுதிக்கு ஆளுநராக நியமிக்கப்பட்டவர் ஜலாலுத்தீன் அஹ்ஸன். அவர் 1335ஐ ஒட்டித் தம்மைத் தனி அரசராக அறிவித்துக்கொண்டார். மதுரை சுல்தான்களின் ஆட்சி அவ்வாறு தொடங்கியது. சில பத்தாண்டுகளே அது நீடித்தது. பின்னர் விசயநகரத்தின் குமார கம்பணர் மதுரையை வென்றார். அந்தக் குறுகிய ஆட்சிக்கு நடுவில், 1340களில், இலங்கையிலிருந்து புறப்பட்ட கப்பல் உடைந்து நம் கரையில் ஒதுங்கியவர் இப்னு பதூதா. அப்போது அரியணையில் இருந்தவர் கியாதுத்தீன் தாமகானி. ஜலாலுத்தீனின் ஒரு மகளை இப்னு பதூதா டெல்லியில் மணந்திருந்தார். மற்றொரு மகளை மணந்தவர் இந்தச் சுல்தான். நம் வழக்கில் சொன்னால் இருவரும் சகலைகள். ஆகவே, வந்தவர் பகைவர் அல்லர், ஒற்றரும் அல்லர். மாநகரங்கள் பலவற்றைக் கண்டவர், காழியாகப் பணியாற்றிய மார்க்க அறிஞர், சுல்தானின் வீட்டு உறவினர்.

அந்த உறவினர் எழுதியிருப்பவற்றைப் படிக்கையில் எங்கள் கை நடுங்கியது. காட்டுவழியில் பிடிபட்டவர்களை, பெண்கள் என்றும் குழந்தைகள் என்றும் பாராமல் சுல்தான் கொன்றதைத் தம் கண்ணால் கண்டதாக எழுதுகிறார். ஒருநாள் சுல்தானோடு அமர்ந்து உணவருந்திக்கொண்டிருந்தபோது ஒரு மனிதனும் அவன் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்பட்டனர். மூவரையும் வெட்டும்படி சுல்தான் ஆணையிட்டார். பார்க்கப் பொறாமல் தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும், எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்ததையும் எழுதியுள்ளார். போரில் பிடிபட்ட ஹொய்சாள மன்னர் மூன்றாம் வல்லாளர் 80 வயதைக் கடந்த முதியவர். அவரைக் கொன்று, தோலில் வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததையும் அவர் கண்டார். பெண்களையும் குழந்தைகளையும் கொல்வது வேறெந்த அரசரும் செய்ததாகத் தாம் அறியாத இழிசெயல் என்றும், அதனாலேயே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவாக்கினான் என்றும் அவர் தீர்ப்புச் சொல்கிறார்.

பின்னர் மதுரையில் கொள்ளைநோய் பரவியது. சுல்தானின் மகனும் தாயும் இறுதியில் சுல்தானும் இறந்தனர். இப்னு பதூதாவையும் காய்ச்சல் பற்றியது. இங்கே மலிந்து கிடந்த புளியை நீரில் கரைத்துக் குடித்து அவர் பிழைத்தார் என்பதைப் படித்தபோது, அந்த நள்ளிரவிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் அதே புளி.

அவரும் குறையற்றவர் அல்லர். இதே சுல்தானோடு சேர்ந்து மாலத்தீவுகளின்மேல் படையெடுக்கத் திட்டமிட்டதை அவரே மறைக்காமல் சொல்கிறார். ஆயினும், சகலை என்பதற்காகவோ தம்மைப் போன்ற முஸ்லிம் என்பதற்காகவோ அந்தக் கொடுமையை அவர் பூசி மெழுகவில்லை. அந்தப் பக்கங்கள் மட்டும் இல்லையென்றால், அந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான் என்பதே இன்று நமக்குத் தெரிந்திராது.

கேட்டதையெல்லாம் ஆராயாமல் எடுத்துச் சொல்வதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் அறிவோம். ஆராயாமல் மறுப்பதும் அதைச் சேர்ந்ததே என்பதை அன்றிரவுதான் உணர்ந்தோம்.

மறுநாள் உம்மாவைச் செவிலியரின் பொறுப்பில் விட்டு, மூவரும் காஜிமார் தெருவுக்குச் சென்றோம். உறவினர் ஒருவர் அங்கே குடியிருக்கிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எங்கள் பிள்ளைகளுக்கு மாமா முறை. அத்தெருவில் உள்ள காஜிமார் பெரிய பள்ளிவாசல் மதுரையின் மிகப் பழைய பள்ளிவாசலாகப் போற்றப்படுவது. 13ஆம் நூற்றாண்டில் குலசேகர பாண்டியர் காலத்தில் இங்கு வந்து குடியேறிய காழி செய்யிது தாஜுத்தீன் அவர்களால் அது நிறுவப்பட்டது என்பதும், அதற்குரிய நிலத்தை அளித்தவர் பாண்டிய மன்னரே என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆண்கள் பள்ளிவாசலிலும் பெண்கள் மாமாவின் வீட்டிலும் லுஹர் தொழுதோம். நாங்கள் பயணிகள், ஆனால் உள்ளூர் இமாமைப் பின்பற்றியதால் பள்ளியில் தொழுதவர்கள் சுருக்காமல் நான்கு ரக்அத்தும் தொழுதோம்.

உணவுக்குப் பின் மாமா ஒரு செய்தி சொன்னார். சுல்தான்கள் மதுரைக்கு வந்த பிறகே முஸ்லிம்கள் இங்கு வந்தார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். நம்மவர்களிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே அரபு வணிகர்கள் காயல் துறைமுகத்தில் குதிரைகளை இறக்கிப் பாண்டியருக்கு விற்று வந்தனர். தகீயுத்தீன் என்ற முஸ்லிம் பெரியார் பாண்டியரின் அமைச்சராகவே இருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். 1311இல் டெல்லியின் தளபதி மாலிக் காஃபூர் மதுரையின்மேல் படையெடுத்து வந்தபோது, பாண்டியர் படையிலும் முஸ்லிம் வீரர்கள் இருந்தனர்.

“அப்ப அந்தப் படையெடுப்புல நம்ம ஆளுங்க எந்தப் பக்கம், மாமா?” என்று மகன் கேட்டான். மதுரைக்கு வந்தபின் அவன் கேட்ட முதல் கேள்வி அது.

“ரெண்டு பக்கமும் இருந்திருக்காங்க தம்பி” என்றார் மாமா.

மாலையில் நால்வரும் நடந்தோம். மதுரையின் அமைப்பு எங்களுக்கு எப்போதும் வியப்பளிப்பது. கோயிலை நடுவில் வைத்து, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாகத் தெருக்கள் அமைந்திருக்கின்றன. அவற்றுட்பல தமிழ் மாதங்களின் பெயரைத் தாங்கியிருக்கின்றன. அந்த மாதங்களில் திருவிழா நடக்கும். அது நம் வணக்கத்தலம் அன்று. நாம் உள்ளே செல்வதும் இல்லை. ஆயினும் 170 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் தெற்குக் கோபுரத்தின் கீழே, சித்திரை வீதியில் நடந்து செல்கையில், பல தலைமுறைகளாக ஒரு மக்கள் கூட்டம் தன் நெஞ்சில் வைத்துக் காத்த இடம் இது என்ற மரியாதை தானாகவே வந்தது.

கிழக்கே, திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபம் நிற்கிறது. அதன் தூண்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாகத் தையற்காரர்கள் அமர்ந்து தைத்து வந்தார்கள். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர். சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடமிட்டு நேர்த்திக்கடன் செலுத்துவோருக்கான உடைகளை அவர்களும் தைத்துக் கொடுத்து வந்தனர் என்று மாமா சொன்னார். “காலையில காஜிமார் பள்ளியில ஃபஜ்ர் தொழுதுட்டு வந்து, மிஷின்ல உட்கார்ந்தா, சித்திரை மாசம் முழுக்க நிமிர நேரம் இருக்காது” என்றார். அவரவர் நம்பிக்கை அவரவரிடம் இருந்தது; அளவெடுத்துத் தைப்பதில் நாணயமும் இருந்தது.

அங்கிருந்து கோரிப்பாளையம் செல்வதற்காக வைகைப் பாலத்துக்கு வந்தோம். வெள்ளையர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட ஏ.வி. பாலம் அது. ஆற்றில் நீர் இல்லை. ஒரு ஓரமாக ஓடையைப் போல ஏதோ ஓடியது. எஞ்சிய இடமெல்லாம் புல்லும் மணலுமாகக் கிடந்தது. 1959இல் வைகை அணை கட்டி முடிந்தபின், அணை திறந்தால்தான் இங்கு வெள்ளம். சித்திரை முழுநிலா நாளில் அழகர் ஆற்றில் இறங்கும் விழாவுக்கு நீர் விடப்படும். அப்போது இந்தக் கரை கொள்ளாத கூட்டம் இருக்கும் என்று மாமா சொன்னார். அழகர் வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் இரவு தங்குவதாக மதுரை மக்கள் சொல்லிக்கொள்வதையும் சொன்னார். அது நம் கொள்கைக்கு உட்பட்டதன்று. ஆயினும், தங்கள் தெய்வம் ஒரு துலுக்கப் பெண்ணின் வீட்டுக்குச் செல்வதாக ஒரு மக்கள் கூட்டம் கதை சொல்லிக்கொள்வது, பக்கத்து வீட்டாரை அவர்கள் எவ்வாறு நினைத்தார்கள் என்பதை நமக்குச் சொல்கிறது.

பாலத்தின் நடுவில் நாங்கள் நின்றோம். இனியும் தள்ளிப்போடுவது சரியன்று. இப்னு பதூதா எழுதியதை மகனிடம் எடுத்துச் சொன்னோம். ஏழு வயதுச் சிறுவனைப் பற்றியும் சொன்னோம்.

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றான். “அப்ப அவன் சொன்னது உண்மைதானே, வாப்பா?”

“உண்மைதான்.”

“பிறகு ஏன் பொய்னு சொன்னீங்க?”

பதினான்கு வயதுப் பிள்ளையின் முன் பெற்றோர் இருவரும் தலைகுனிந்து நின்ற இடம் அது. “தெரியாமல் சொன்னோம். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எங்களை மன்னித்துவிடு” என்றோம். அவன் எதுவும் சொல்லவில்லை. பாலம் முடியும்வரை பேச்சின்றி நடந்தோம்.

வடகரையில் கோரிப்பாளையம் தர்கா. சுல்தான் அலாவுத்தீன், சுல்தான் ஷம்சுத்தீன் என்ற பெயர்களால் அழைக்கப்படும் இரு பெரியார்கள் அங்கே அடக்கம் பெற்றுள்ளனர். கோரி என்ற சொல்லுக்குக் கல்லறை என்பது பொருள். ஊர்ப் பெயரே அதனால் வந்தது. அதன் பெரிய குவிமாடம் அழகர்மலையிலிருந்து கொண்டுவந்த ஒரே கல்லால் ஆனது என்று சொல்லப்படுவதுண்டு. அடங்கியிருப்போருக்கு ஸலாம் சொல்லி, அவர்களுக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டுவிட்டு, வெளியே திண்ணையில் அமர்ந்தோம். மகனின் முகத்தைப் பார்த்த மாமா, அத்தர்காவின் கல்வெட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

முன்னொரு காலத்தில் கூன் பாண்டியர் என்ற மன்னரிடம் 14,000 பொன் கொடுத்து இந்தப் பள்ளிக்காக ஆறு ஊர்கள் பெறப்பட்டன என்கிறது அக்கல்வெட்டு. சொக்கிகுளம், பீபிகுளம், திருப்பாலை என்று இன்று நகரப் பேருந்துகளின் பலகையில் நாம் படிக்கும் பெயர்கள் அவற்றில் அடங்கும். காலம் சென்றது. பாண்டியர் போனார்கள், சுல்தான்கள் வந்து போனார்கள், விசயநகரம் வந்தது, நாயக்கர் ஆட்சி வந்தது. அந்த நிலங்களின் உரிமையைப் பற்றி வழக்கு எழுந்தது. வழக்கை விசாரித்தவர் வீரப்ப நாயக்கர். பழைய ஆதாரத்தை ஆராய்ந்து, அந்த உரிமை செல்லும் என்று 1573இல் அவர் உறுதி செய்தார்.

“அவர் நினைச்சிருந்தா நிலத்தை எடுத்துக்கிட்டிருக்கலாமே, மாமா?” என்று கேட்டான் மகன்.

“எடுத்திருக்கலாம். கேட்க ஆள் இல்லை. சுல்தான்கள் செஞ்சதைச் சொல்லிக் காட்டியிருந்தா ஊரே சரின்னு சொல்லியிருக்கும். ஆனா வழக்கு நிலத்தைப் பத்தினது. அவர் அதை மட்டும் பார்த்தார்” என்றார் மாமா.

மாமா கல்வெட்டை அங்கேயே நிறுத்திவிட்டார். ஆனால் நாங்கள் அன்றிரவு நெடுநேரம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒரு கூட்டத்தின்மேல் உள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து பிறழச் செய்யக்கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயம் நமக்கிடும் கட்டளைகளில் ஒன்று. உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் உண்மைக்கே சாட்சியாக நில்லுங்கள் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் அறிவுரை. இவ்விரண்டையும் மிம்பரில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். சகலையின் கொடுமையை மறைக்காமல் எழுதியபோது, இப்னு பதூதா உறவினருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். குர்ஆனை அறியாத வீரப்ப நாயக்கரோ, வெறுப்புக்கு இடம் கொடுக்கக் காரணம் இருந்தும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஈமான் கொண்ட நாமோ, ஒரு பிள்ளையின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தயங்கினோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நல்லவற்றைக் காட்டித் தீயவற்றைக் கழித்துவிட முடியாது. பாண்டியரின் அமைச்சராக ஒரு முஸ்லிம் இருந்தார் என்பதோ, முஸ்லிம் தையற்காரர் அழகர் உடையைத் தைத்தார் என்பதோ, அந்த ஏழு வயதுச் சிறுவனின் உயிருக்கு ஈடாகாது. அது தனிக் கணக்கு. அதே போல, ஒரு சுல்தானின் பாவத்தை 14 வயது மாணவன் ஒருவன் சுமக்க வேண்டியதும் இல்லை. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது நம் மார்க்கம். அவர் செய்த பாவம் நம் தோளில் இல்லை. ஆனால் அதை நாம் மறைத்தால், அந்தப் பொய் நம் தோளில்தான் ஏறும்.

இன்று நம் பிள்ளைகள் பலர் இத்தகைய கேள்விகளைப் பள்ளியிலும் கைப்பேசியிலும் சந்திக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கொடுக்கும் பதில்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, எங்களைப் போல எல்லாம் பொய் என்று சொல்வது. மற்றொன்று, “அவர்கள் மட்டும் செய்யவில்லையா?” என்று திருப்பிக் கேட்பது. முதலாவது, பிள்ளை ஒருநாள் உண்மையைப் படிக்கும்போது உடைந்துவிடும். அன்று நம் மற்றச் சொற்களின்மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கையும் சேர்ந்து உடையும். இரண்டாவது, கேள்வி கேட்ட தோழனை எதிரியாக்கிவிடும். நடந்ததை நடந்தது என்று ஏற்று, அதை நம் மார்க்கத்தின் அளவுகோலாலேயே அளந்து, தவறு என்று சொல்லிப் பழகிய பிள்ளை யார் முன்னும் கூனிக்குறுக வேண்டியதில்லை. யார்க் நகரத்தார் தங்கள் முன்னோரின் பழியைத் தாங்களே கல்லில் எழுதி வைத்தார்கள். அதனால் அந்த நகரம் சிறுமைப்பட்டதாக எங்கள் மகள் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை உம்மாவின் கட்டைப் பிரித்தார்கள். மருத்துவர் விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னார், சரியாகச் சொன்னார்கள். பிறகு பேரனை அருகில் அழைத்து, முகத்தைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்ன வாப்பா இப்படி மெலிஞ்சு போயிட்டா? பிள்ளைக்குச் சோறு போடலையா?” என்று எங்களைக் கடிந்துகொண்டார்கள். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான்.

புறப்படும் முன் அவனுக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தோம். குடித்துக்கொண்டே, “ஒரு போன் பண்ணிக்கிறேன்” என்று எங்கள் கைப்பேசியை வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளிப் போனான். யாரை அழைத்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. காற்றில் வந்த சில சொற்கள் மட்டும் காதில் விழுந்தன. “நீ சொன்னது உண்மைதான்டா… ஆமா, படிச்சேன்… எழுதினதே ஒரு பாய்தான்டா… இல்ல, இன்னொன்னும் இருக்கு, நேர்ல சொல்றேன்.” மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. அவன் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தான். பேருந்து வந்துவிட்டது என்று கூப்பிட வேண்டியிருந்தது.

திரும்பும் வழியிலும் வைகை உடன் வந்தது. உம்மா சாளரத்தோரம் அமர்ந்து, ஆற்றையும் பனைகளையும் கடைகளின் பெயர்ப் பலகைகளையும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார்கள். ஊர் வந்ததும் முதல் வேலையாகக் குர்ஆனை எடுக்க வேண்டும் என்றார்கள். மறு கண்ணுக்கு அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ்.

எங்கள் வீட்டில் நடந்ததை இங்கே எழுதுவது, எங்களைப் போலவே பிள்ளையின் கேள்விக்கு முன் திகைத்து நின்ற பெற்றோர் சிலராவது இருப்பார்கள் என்பதால்தான். அடுத்த முறை பிள்ளை கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்வோம். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். படித்தது கசந்தாலும் மறைக்காமல் சொல்வோம்.

யா அல்லாஹ்! உண்மையை உண்மையாகக் காணவும், அது எங்களுக்கு எதிராக இருந்தாலும் அதன் பக்கம் நிற்கவும் எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் உறுதியைத் தருவாயாக. எங்கள் அண்டை வீட்டாரோடு நீதியுடனும் அன்புடனும் வாழச் செய்வாயாக. ஆமீன்.